கலர் மானிட்டர் இருந்த ஆறு நாள்

"வேலைக்கா, விளையாட்டுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

நான் "வேலைக்கு" என்றேன். அதே மூச்சில் என் பக்கத்தில் நின்றவள் "ரெண்டுக்கும்" என்றாள். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, அவருடைய தம்பியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். தம்பி சிரித்தான். என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அப்போது எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கடை ராஜபாளையத்தில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு மாடியில் இருந்தது. நான் ராஜபாளையத்துக்காரி, அப்பாவுக்கு மில்லில் வேலை. என்னோடு வந்தவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். டைப்பிங் ஹையர் பரீட்சையில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பரீட்சை தொடங்க ஒரு நிமிடம் இருக்கும்போது என் முதுகைத் தட்டி, "ஏட்டி, ஒரு கார்பன் பேப்பர் இருக்கா?" என்று கேட்டாள். முன்பின் தெரியாத என்னை எடுத்த எடுப்பிலேயே ஏட்டி என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். கார்பன் பேப்பர் கொடுத்தேன். ரெண்டு பேரும் பாஸானோம். அடுத்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு வக்கீல் ஆபீஸின் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையை வாடகைக்குப் பிடித்து, ரெண்டு டைப்ரைட்டரோடு ஜாப் டைப்பிங் கடை போட்டோம்.

அந்தக் கடைக்கு ஒரு கெடு இருந்தது. கடை போடுவதற்கு அவள் அப்பாவிடம் பேச நானும் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குக் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு அவர் சொன்னார்: "ஒரு வருசம் பாக்கேன்மா. கடை நல்லா ஓடுச்சுன்னா ஓடட்டும், நான் குறுக்க நிக்கலை. இல்லேன்னா நான் காட்டுற எடத்துல கழுத்த நீட்டணும். இது உனக்கும்தான் சொல்லுதேன், தெரிஞ்சுக்கோ." எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கடையை ஓட வைத்துவிட்டால் அவளை யாரும் கூட்டிக்கொண்டு போக முடியாது என்று கணக்குப் போட்டேன். அன்றிலிருந்து கடை என்பது எனக்கு வேலை மட்டும் இல்லை. அவள் என்னோடு இருப்பதற்கு அதுதான் வழி.

நாலைந்து மாதத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒருவர் கம்ப்யூட்டர் வைத்துக் கடை திறந்தார். வக்கீல் குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு எழுத்துத் தப்பானால் முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டியதில்லை என்று எங்களிடமே வந்து பெருமையாகச் சொன்னார்கள். விழுந்தடித்துக்கொண்டு நாங்களும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். சி.பி.யூ, கீபோர்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் எல்லாம் வந்துவிட்டன. மானிட்டர் மட்டும் வரவில்லை. ஒரு வாரம் அது தலையில்லாமல் மேஜையில் உட்கார்ந்திருந்தது. அதற்குத் தலை வாங்கத்தான் அன்றைக்கு அந்த மாடிக்கடைக்குப் போயிருந்தோம்.

கடைக்காரரிடம் இருந்தது ரெண்டே ரெண்டு. ஒன்று புதியது, கறுப்பு வெள்ளை. இன்னொன்று சென்னையில் ஏதோ ஆபீஸில் ஓடி, கைமாறி வந்த கலர். "ரெண்டும் ஒரே வெலதாம்மா. எது வேணுமோ எடுத்துக்கோங்க" என்றார். நாங்கள் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவரே ஒரு வழி சொன்னார்: "ரெண்டையும் கொண்டு போங்க. ஒரு வாரம் வச்சுப் பாருங்க. வேண்டாததைத் திருப்பிக் கொண்டாங்க." அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அப்படித்தான். சேலைக்கடையில் நாலு சேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, பிடித்ததை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பச் சொல்வார்கள். மானிட்டருக்கும் அதே மரியாதை கிடைத்தது.

பஸ்ஸில் ஆளுக்கு ஒன்றாக மடியில் வைத்துக்கொண்டு போனோம். அப்போதைய மானிட்டரின் கனம் தெரிந்தவர்களுக்குத்தான் எங்கள் தொடையின் கஷ்டம் தெரியும். அவள் மடியில் கலர், என் மடியில் கறுப்பு வெள்ளை. யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, தானாக அப்படி அமைந்தது. கண்டக்டர் வந்து, "என்னம்மா, ரெண்டு டிவி எதுக்கு?" என்று கேட்டார். இவள் சற்றும் யோசிக்காமல், "ஒண்ணுல படம் பாக்கண்ணே, இன்னொண்ணுல நியூஸு" என்றாள். அவர் அதை நம்பி, லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

கடைக்கு வந்ததும் நான் சட்டதிட்டம் போட்டேன். ஒரு நாள் இதில் வேலை, மறுநாள் அதில் வேலை. ஒரே மனுவை ரெண்டிலும் அடித்துப் பார்ப்பது. எதில் தப்புக் குறைவு, எதில் வேகம், எதில் கண் வலிக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வைப்பது. அவள் என் தாளை எடுத்துப் படித்துவிட்டு, "எல்லாம் இருக்கு. எதுல சந்தோசம்னு ஒரு கட்டம் இல்லையே" என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

ரெண்டு மானிட்டருக்கும் ஒரே சி.பி.யூ. மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அணைத்து, வயரின் இருபக்கத் திருகுகளைக் கழற்றி, மற்றதில் மாட்ட வேண்டும். அவள் நகத்தாலேயே திருகைக் கழற்றிவிடுவாள். சோதனைக்காக நான் எடுத்தது வ. புதுப்பட்டியில் அண்ணன் தம்பிக்குள் நடந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கு. கிழக்கே இன்னார் நஞ்சை, மேற்கே ஓடை என்று பக்கம் பக்கமாக நாலெல்லை வரும் மனு. கறுப்பு வெள்ளையில் அந்த எழுத்தெல்லாம் அச்சில் வார்த்தது போல நின்றன. கலரில், புதுச்சாயத் துணியை நனைத்த மாதிரி, ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் சிவப்பும் நீலமும் கசிந்தன. திரை லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முதல் ரெண்டு நாளிலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் மதியம் என்று ஒன்று இருந்தது.

கோர்ட் மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்தால் அந்தத் தெருவே காலியாகிவிடும். வக்கீல்கள், குமாஸ்தாக்கள், ஸ்டாம்ப் விற்பவர், ஜெராக்ஸ் கடைக்காரர் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளும் போய்விடுவாள். உள்ளூரில் வீட்டை வைத்துக்கொண்டு டப்பாவில் கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடுவது அவள் அம்மாவுக்குக் கௌரவக் குறைச்சல். "வீடு நாலு தெருத் தள்ளி இருக்கு. அநாதை மாதிரி டப்பாவுலயா திங்கணும்?" என்பார்கள். நான்தான் ராஜபாளையத்திலிருந்து டப்பா கொண்டு வந்து, கடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எப்போதும் நீளம்.

கலர் வந்த முதல் நாளே அவள் டப்பாவோடு வந்து நின்றாள். "புது மெசினு, பழகணும்னு வீட்டுல சொல்லிட்டேன்" என்றாள்.

சி.பி.யூவை விற்றவர் அதற்குள்ளேயே ரெண்டு விளையாட்டுகளைப் போட்டுக் கொடுத்திருந்தார். ஒன்றில், மேலிருந்து கட்டங்கள் விழும். அவற்றைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். அவள் அதற்கெல்லாம் பெயர் வைத்தாள். சிவப்பு மிளகாய் வத்தல், மஞ்சள் விரலி மஞ்சள், பச்சை வெள்ளரிக்காய், நீளமாக வரும் நீலத்துக்கு மட்டும் 'எங்க மாமா'. மாமா வருவதற்காகக் காத்திருந்து, வந்ததும், "வாங்க வாங்க, இம்புட்டு நேரம் எங்க போனிய, அந்த மூலைல போயி நில்லுங்க" என்று கையைத் தட்டுவாள். வெள்ளரிக்காய் தப்பான இடத்தில் விழுந்தால் அதைத் திட்டுகிற திட்டு இருக்கிறதே, கோர்ட்டுக்கு அடித்துக் கொடுக்க முடியாது.

விளையாடும்போது கையை எடுக்க முடியாது. அதனால் அவள் டப்பா திறக்காமலே இருந்தது. "ஏட்டி, பசிக்கி" என்றாள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். நான் தயிர்சாதத்தை உருட்டி அவள் வாயில் வைத்தேன். மென்றுகொண்டே, "ஊறுகாய்" என்றாள். அதையும் வைத்தேன். கறுப்பு வெள்ளை முறை வந்த நாளிலும் மதியத்துக்குக் கலரை மாட்டிவிடுவாள். ஆறு நாளும் அப்படித்தான் சாப்பிட்டாள். என் கையால் இன்னொருவருக்கு நான் சோறு ஊட்டியது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு கொஞ்ச தடவைதான் வாய்த்திருக்கிறது.

இன்னொன்று கார் விளையாட்டு. அதை என்னை ஓட்டச் சொன்னாள். நான் எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினேன். மோதவே இல்லை. ஆனால் ஒரு தடவைகூட நேரத்துக்குப் போய்ச் சேரவும் இல்லை. அவள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து வழுகினாள். "வர்றவனுக்கெல்லாம் வழி விட்டுக்கிட்டே இருந்தா, நீ என்னைக்கு ஊர் போய்ச் சேருவ?" என்று கேட்டாள். கோர்ட் மறுபடி கூடுகிற நேரம் வந்ததும் ஷட்டரை ஏற்றினோம். முதல் குமாஸ்தா உள்ளே வரும்போது ரெண்டு பேரும் முகத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கீழே குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போதெல்லாம் வேலைக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே மானிட்டர் கிடைக்கிறது. எழுத்தும் தெளிவு, நிறமும் தெளிவு. யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கடைகளில் வரிசையாக எரிந்துகொண்டிருக்கும் அவற்றைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஆறாம் நாள் சனிக்கிழமை. கோர்ட் இல்லை. நான் என் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கறுப்பு வெள்ளையில் இத்தனை பக்கம், இத்தனை தப்பு. கலரில் இத்தனை பக்கம், இத்தனை தப்பு. கண்ணில் தண்ணீர் வந்த நேரத்தைக்கூட எழுதியிருந்தேன். அவள் தாளைப் பார்த்தாள். அப்புறம் கலரைப் பார்த்தாள்.

"கண்ணு வலிக்கத்தான் செய்யி" என்றாள். "ஆனா செத்த நேரத்துக்கு ஒரு தடவை வெளிய பாத்துக்கிட்டா சரியாப் போகும்லா?"

"வக்கீல் கேப்பாரா அதை?"

"மதியம் மட்டும் மாட்டிக்கிடுற மாதிரி ரெண்டையும் வச்சுக்கிட முடியாதா?"

"நம்ம என்ன மில் ஓனரா?" என்றேன்.

அவள் தாளை என் பக்கமே தள்ளி வைத்தாள். பிறகு, "நீயே சொல்லு. உனக்கு எது வேணும்?" என்று கேட்டாள்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. எனக்கு நீ வேண்டும், கடை ஓடினால்தான் நீ இருப்பாய், கடை ஓட வேண்டுமென்றால் கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியாதா என்ன என்று நினைத்தேன். கெடு வைத்த அன்று அவளும்தானே பக்கத்தில் இருந்தாள். அதனால் தாளைத் தட்டிக் காட்டி, "இதுல இருக்குல்ல, வேலைக்குக் கறுப்பு வெள்ளைதான்" என்றேன்.

"சரி. வேலைக்குத்தான வாங்குதோம்" என்றாள். எழுந்து போய்ச் சேலை முந்தியால் கலர் மானிட்டரின் கண்ணாடியைத் துடைத்தாள். திருப்பிக் கொடுக்கிற சாமானைத் துடைத்துக் கொடுப்பதுதானே முறை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கலரை நான் ஒருத்தியே மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குப் போனேன். பக்கத்து சீட்டில் கூமாப்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மா, காலடியில் மாங்காய்ச் சாக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். "ரிப்பேரா தாயி?" என்று கேட்டார்கள். "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றேன். "பொறவு ஏன் திருப்பிக் கொண்டு போற?" என்றார்கள். நான் கண் வலியைப் பற்றி விளக்கினேன். அவர்களுக்குப் புரிந்த மாதிரித் தெரியவில்லை. கடைக்காரர், "நல்ல முடிவும்மா. வேலை பாக்குறவங்க இதைத்தான் எடுப்பாங்க" என்றார். எனக்கு அந்தப் பாராட்டு அன்று வெல்லமாக இனித்தது.

திங்கட்கிழமை அவள் டப்பா கொண்டு வந்திருந்தாள். மதியம் கறுப்பு வெள்ளையில் அந்த விளையாட்டைப் போட்டாள். எல்லாக் கட்டங்களும் சாம்பல் நிறத்தில் விழுந்தன. ஒன்று கொஞ்சம் அடர்த்தி, ஒன்று கொஞ்சம் வெளிறல். "ஏட்டி, மிளகாயும் மஞ்சளும் ஒண்ணு போல இருக்கே. எங்க மாமாவையே அடையாளம் தெரியலை" என்றாள். சிரித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, டப்பாவைத் தானே திறந்து தன் கையால் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் டப்பா கொண்டு வரவில்லை.

நான் கவலைப்படவில்லை. கவலைப்பட நேரமில்லை. என் கணக்கு அப்படியே பலித்தது. மனுக்கள் தப்பில்லாமல் போயின. தாலுகா ஆபீஸ் பக்கம் போன குமாஸ்தாக்கள், எதுவும் நடக்காத மாதிரித் திரும்பி வந்தார்கள். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா என்று அழைப்பிதழ் வேலையும் வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் கண் வலிக்கவில்லை. கெடு முடிய இன்னும் எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒரு எடம் வந்துச்சு. கோயம்புத்தூர். சரின்னு சொல்லிட்டேன்."

நான் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினேன். "உங்க அப்பா ஒரு வருசம்னு சொன்னாவுளே? கடை நல்லாத்தான ஓடுது?"

"அப்பா ஒண்ணுமே சொல்லலை, பாவம். அவுக சொன்ன சொல்லுலதான் நிக்காக. நானாத்தான் சரின்னேன்."

ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோபம் வந்தது. இவளுக்காக நான் மாடு மாதிரி உழைக்கிறேன், இவள் தானாகப் போய்ச் சரி என்கிறாளே என்று. ரெண்டு நாள் அவளோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

அவள் கல்யாணப் பத்திரிகை எங்கள் கடையில்தான் தயாரானது. நான்தான் அடித்தேன். எங்கள் கடையில் எதை அடித்தாலும் ஒருத்தி கையெழுத்துப் பிரதியை வாய்விட்டு வாசிக்க, இன்னொருத்தி திரையில் எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பாள். அன்றைக்கும் அப்படியே. அவள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே வாசித்தாள். பெரியோர்கள் பெயர், ஊர், உறவு என்று மெதுவாக வந்து, தன் பெயர் வந்ததும் வேகமாகக் கடந்தாள். கறுப்பு வெள்ளைத் திரையில் அந்தப் பெயர் பிசிறில்லாமல், தெள்ளத் தெளிவாக இருந்தது.

நடுவில் நிறுத்தினாள்.

"அந்தக் கலர் இருந்துச்சுல்லா, ஆறு நாளு. அந்த ஆறு நாளும் எங்க அம்மா கல்யாணப் பேச்சே எடுக்கலை தெரியுமா?" என்றாள். "எப்படி எடுக்கும்? அது பேசுறது எல்லாமே மதியம் எனக்குச் சோறு போடும்போதுதான். பக்கத்துல உக்காந்து, விசிறிக்கிட்டே பேசும். அழாது, திட்டாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாப் பேசும். இங்க இருந்தா நீ ஊட்டி விடுவ. அங்க போனா அது மாப்பிள்ளை போட்டோவை எடுத்து வைக்கும்."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ அதைத் திருப்பிக் கொண்டு போனப்ப, உனக்கு நான் டைப் அடிக்கிறது மட்டும் போதும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னாள்.

அவளை வைத்துக்கொள்ளத்தான் அதைத் திருப்பிக் கொடுத்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பத்திரிகையை அழித்துவிடுகிறேன், ராஜபாளையத்துக்கு இப்போதே பஸ் ஏறுகிறேன், அந்த மானிட்டர் இன்னும் அங்கே இருந்தால் மடியில் வைத்துக் கொண்டு வந்துவிடுகிறேன் என்றெல்லாம் சொல்லத் தோன்றியது. அவள் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள்.

"முகூர்த்த நேரத்தை வாசி" என்றேன். "அது தப்பாப் போயிறக் கூடாது."

அவள் தாளைப் பார்த்து வாசித்தாள். நான் திரையில் சரிபார்த்தேன்.

"சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கு" என்றேன்.